பின்னால் ஒரு அம்மா பெருக்குகிறார்

மச்சி,

இன்று காலை அலுவலகம் போகிற வழியில் அடையாள அட்டையைத் தேடிக் கைப்பையைத் துழாவினேன். விரலில் பட்டது கிராம்பு டப்பா. மூடி சரியாக அழுந்தவில்லை போலிருக்கிறது. பை முழுக்க உன் வாசனை. தேனாம்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுநர் திரும்பி, “இன்னா மேடம், பல்லு வலியா?” என்றார். ஆமாம் என்றேன். என் பல் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் பொய் எனக்குச் சட்டென்று வந்துவிடுகிறது. அப்படி வந்த இன்னொரு பொய்யைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் போனிலேயே திட்டித் தீர்த்திருப்பாய், வேலை சுலபமாக முடிந்திருக்கும். இப்போது நானே உட்கார்ந்து அடிக்க வேண்டியிருக்கிறது. அடிக்கிற ஒவ்வொரு சொல்லையும் கணினி எனக்குத் திரும்பப் படித்துக் காட்டுகிறது. ‘மச்சி’ என்பதை அது உச்சரிக்கிற லட்சணத்தைக் கேட்டால் உருண்டு உருண்டு சிரிப்பாய்.

கிராம்பு ஏன் உன் வாசனை என்று வேறு யாருக்கும் தெரியாது. உன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்து வருஷக்கணக்காக உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான்.

நாம் பழகியதே அப்படித்தானே. கண் தெரியாததால், கல்லூரியில் என் தேர்வுகளுக்கு எழுதித்தர ஒருவர் வேண்டும். நான் வாயால் சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும். அதற்கு வந்தவள் நீ. எனக்கு ஒரு வகுப்பு கீழே, வேறு பாடம். முதல் தேர்வில் “சொல்லுங்கக்கா” என்றாய். கடைசித் தேர்வில், “மச்சி, இந்தப் பதிலு தப்பு மாதிரி கீது. ஆனா நீ சொன்னத்ததான் எழுதுவேன், ரூல்ஸ் அப்டி” என்று காதோரம் முணுமுணுத்தாய். பதில் தப்புதான். நீ ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சொன்னதைச் சொன்னபடி தருவது, இருப்பதை இருந்தபடி சொல்வது, இரண்டிலும் உனக்கு அப்படியொரு பிடிவாதம்.

பிறகு நீ படம் எடுக்கிறவர்களோடு சேர்ந்தாய். பெரிய படங்கள் இல்லை. கையிலிருக்கிறதைப் போட்டு, நண்பர்களை நடிக்க வைத்து, எடிட்டிங்குக்கு இன்னொருவர் கம்ப்யூட்டரைக் கெஞ்சி வாங்கி முடிக்கிற படங்கள். அவற்றைப் போட்டுக்காட்டுகிற சின்னச் சின்ன அரங்குகளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி, தி.நகரில் ஒரு பிரிவியூ தியேட்டர், மயிலாப்பூரில் பாட்டுக் கச்சேரி இல்லாத நாட்களில் மட்டும் கிடைக்கிற ஒரு ஹால். விளக்கை அணைத்ததும் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கிராம்பை வாயில் போட்டுக்கொள்வாய். “காதுகிட்ட பேசறப்ப வாயி நாறக்கூடாது இல்ல” என்பாய். மத்தியானம் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பையும் மீறி அந்தக் கிராம்பு வரும். அப்புறம் படம் வரும், உன் குரலில்.

“பெரிய வூடு மச்சி. மாடிப்படிலாம் கீது. சோபால ஒரு பொண்ணு குந்திக்கினு கீறா, நல்ல செவப்பு. அழுவுறா. அழுதா மூக்கு செவந்து போவும் இல்ல, அதுக்காவவே கிட்டப் போயி எடுத்துக்கீறாங்கோ. பின்னாடி ஒரு அம்மா தரைய தொடச்சிக்கினு கீது. அது நம்ம கலரு. மூஞ்சி தெரில, மங்கலா கீது. கேமரா அத்த கண்டுக்கவே இல்ல.”

எந்தப் படத்திலும் நீ அந்தப் பின்னாடி இருப்பவரை விட்டதில்லை. டீ கொடுத்துவிட்டுப் போகிறவர், கதவைத் திறந்துவிடுகிறவர், கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிறவர். ஏழைகளுக்காக எடுத்த படம் என்று எல்லோரும் கைதட்டுவார்கள். நீ என் காதில், “ஏழையா நடிச்ச பொண்ணுக்குக் கால் பாதம் பஞ்சு மாதிரி கீது மச்சி” என்பாய். பத்தாம் வகுப்பில் கரும்பலகை என் கண்ணிலிருந்து மறைந்துபோனது. கல்லூரி வருவதற்குள் மற்றதெல்லாம் போய்விட்டது. வசனத்தை மட்டும் கேட்டிருந்தால், பேசுகிறவர்கள் மட்டும்தான் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். பேசாதவர்களை எனக்குக் காட்டியவள் நீ.

அதற்காக நான் உன்னிடம் நன்றியோடு இருந்தேனா என்றால், இல்லை. கூச்சத்தோடு இருந்தேன். உன் ரகசியக் குரல் ஒன்றும் அவ்வளவு ரகசியம் இல்லை. முன்வரிசையிலிருந்து யாராவது “ஷ்” என்பார்கள். எனக்குக் காது மடல் சுடும். உன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்துவேன், போதும் நிறுத்து என்று. நீ குரலைத் தாழ்த்துவாயே தவிர நிறுத்த மாட்டாய். ஒருமுறை வெளியே வந்ததும், “இனிமே வேணாம், நான் வசனத்தை வெச்சே புரிஞ்சுக்கறேன்” என்றேன். உன் குரலைப் பார்த்து வெட்கப்பட்டேன், உன் பேச்சைப் பார்த்து வெட்கப்பட்டேன், அந்த மாதிரி இடத்தில் ‘கீது’ என்று ஒருத்தி என் காதில் பேசுவது நாலு பேர் காதில் விழுகிறதே என்று வெட்கப்பட்டேன். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். “வெக்கமா கீதா? நீ இன்னா திருடினியா? வெக்கப்பட வேண்டியவங்கோ வெக்கப்படட்டும் மச்சி, நீ படத்த பாரு” என்றாய். அடுத்த வாரமும் கூட்டிக்கொண்டு போனாய்.

இன்னொரு நாள் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தாய். என் அம்மா உன்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். “எங்கேருந்து வரே? அடையாத்தங்கரையா? சமத்தா பேசறியே” என்று ஏதோ ஆச்சரியத்தைக் கண்டது மாதிரி சொன்னாள். நீ சிரித்துக்கொண்டாய். உன்னை வழியனுப்பக் கீழே வந்தபோது, எங்கள் வீட்டையே எனக்குப் படமாகச் சொன்னாய்: சோபா நீலம், சுவாமி படங்களுக்குக் கீழே டி.வி., பால்கனியில் காய்ந்துபோன துளசி. கடைசியில், “படிக்கட்ல ஒரு அம்மா பெருக்கிக்கினு இருந்திச்சே, நாம்ப எறங்கச்சொல்ல செவுத்தோட ஒட்டிக்கினு வழி வுட்டிச்சே, அது பேரு இன்னா?” என்று கேட்டாய்.

எனக்குத் தெரியவில்லை. அந்த விளக்குமாற்றின் சத்தத்தைப் பல வருஷமாகத் தினமும் கேட்கிறேன். அது நின்றால் நான் இறங்கலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். “எனக்குக் கண் தெரியாதேடி” என்றேன்.

“பேரு கண்ணாலயா தெரியும்?” என்றாய்.

சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்கப் போய்விட்டாய்.

உங்கள் வீடு அப்போது ஆற்றோரத்தில் இருந்தது. பிறகு இடித்தார்கள், பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். உன் அம்மா அடையாறில் பெருக்குகிற வேலையை விடாமல், இரண்டு பேருந்து மாறி இங்கேயே வந்துபோய்க்கொண்டிருந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது என்று நீ சொல்லியிருக்கிறாய். பிறகு நீயே ஒரு படம் எடுத்தாயே, அது அங்கிருந்துதான் வந்தது என்று இப்போது புரிகிறது. அப்போது நீ என்னிடம் சொன்ன கதை வேறு: தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற பெண். காலையிலிருந்து இரவு வரை நிற்கிறாள். கடை முழுக்கப் புடவை, உட்கார ஒரு முக்காலி இல்லை. ஒரு நாள் முழுக்க அவள் உட்கார ஒரு இடம் தேடுவதுதான் படம். கடையில் நிஜமாகவே வேலை செய்கிற பெண்ணையே நடிக்க வைத்தாய். “நல்ல கருப்பு மச்சி, லைட்டு அடிச்சா அப்டியே மின்னுறா” என்று பூரித்துப்போனாய்.

படம் எடுத்து முடிந்த கையோடு உனக்குக் காமாலை வந்தது. வெறும் காமாலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வார்டில் உன் கட்டிலோரம் உட்கார்ந்து, படத்தைச் சொல்லேன் என்றேன். “இப்ப சொல்லமாட்டேன். முடிச்சிட்டு, தியேட்டர்ல குந்தி, ஒன் காதுல நானே சொல்றேன். கடசீ ஷாட்ல ஒண்ணு வெச்சிக்கீறேன் பாரு” என்றாய். உன் வாயில் அன்று கிராம்பு இல்லை, மருந்து வாசனை இருந்தது. அந்தக் கடைசி ஷாட்டை நீ எனக்குச் சொல்லவேயில்லை.

உன் நண்பர்கள் நீ குறித்து வைத்தபடியே படத்தை முடித்தார்கள். ஒரு சின்ன திரைப்பட விழா அதை எடுத்துக்கொண்டது. சுயாதீனப் படங்களுக்கான விழா, இந்த வருஷம் ‘எல்லோருக்கும் சினிமா’ என்று தலைப்பு. பேனரில் பன்முகத்தன்மை, அனைவரையும் உள்ளடக்குதல் என்றெல்லாம் எழுதியிருந்ததாகச் சொன்னார்கள். பார்வையில்லாதவர்களும் பார்க்க வேண்டும் என்று, படங்களுக்குக் காட்சிகளைச் சொல்லும் ஒரு குரல் சேர்த்தார்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் காதில் கேட்கும். நீ கிராம்பை மென்றுகொண்டு செய்த வேலைதான், இப்போது அதற்கு ஒரு குழு, ஒரு ஸ்டுடியோ. எழுதியதைச் சரிபார்க்கப் பார்வையில்லாத ஒருவர் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது.

எழுதியவள் நிவேதா என்றொரு பெண். படிப்பை முடித்து அதிக நாள் ஆகவில்லை, கவனமானவள். உன் படத்துக்கு அவள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். “ஷட்டர் உயர்கிறது. அவள் உள்ளே வருகிறாள். பின்னால் ஒரு அம்மா படியைப் பெருக்குகிறார்.” கொஞ்சம் தள்ளி, “புடவைகளை விரிக்கிறாள். பின்னால் அந்த அம்மா தரையைத் துடைக்கிறார்.” மறுபடி, “கண்ணாடியில் அவள் முகம். கண்ணாடியின் ஓரத்தில் அந்த அம்மா வாளியோடு நிற்கிறார்.” நான் நிறுத்தச் சொன்னேன்.

“இந்த அம்மா யாரு? கதைல என்ன பண்றாங்க?”

“கதைல ஒண்ணும் பண்ணலைக்கா. ஆனா எல்லா ஷாட்லயும் வர்றாங்க. எதுக்கோ வெச்சிருக்காங்கனு தோணுது.”

“வசனமே கொஞ்சம்தான். இருக்கிற இடைவெளியில இதையும் திணிச்சா கேக்கறவங்களுக்குக் குழப்பும். அந்தப் பொண்ணைத்தான் பிடிச்சுக்கணும். இதை எடுத்துடு.”

அவள் தயங்கினாள். கடைசிக் காட்சிக்கு வந்தபோது, “இங்க மட்டுமாவது இருக்கட்டும்க்கா. ஃபோகஸ் அந்தம்மா மேல போகுது” என்றாள். அப்போது நான் சொன்னதை இங்கே அடிக்கிறபோதே கணினி அதை உரக்கப் படிக்கும், நான் கேட்டாக வேண்டும். சொன்னேன்: “ஃபோகஸெல்லாம் கண்ணு தெரியறவங்க கவலைம்மா. பாக்காதவ நான் சொல்றேன், எங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?”

அதற்கு மேல் யார் பேசுவார்கள்? ஊரில் எந்தக் கூட்டத்திலும் என் பேச்சை யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு மேசையில் என் பார்வையின்மைதான் பெரிய பதவி. அதைப் போட்டு ஒரு சின்னப் பெண்ணின் வாயை அடைத்தேன். அந்த அம்மா எல்லா இடத்திலிருந்தும் போனார். படத்தின் ஒலியில் விளக்குமாற்றின் சத்தம் அப்படியே இருந்தது. கேட்டேன். கடை என்றால் பெருக்குகிற சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

விழா நாளில் உன் அம்மாவை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். உனக்கு இது தெரியாது: நீ போனபிறகு சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறிவிட்டது. ஒரு கண் முழுக்கப் போய், இன்னொன்றில் நிழல் மட்டும்தான். அதனால் அவருக்கும் ஒரு ஹெட்ஃபோன் கொடுத்தார்கள். படம் முடிந்தது, கைதட்டினார்கள். என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பார்வையில்லாதவர்களுக்காகப் பார்வையில்லாத ஒருவரே பார்த்துப் பார்த்துச் செதுக்கியது என்று ஒருங்கிணைப்பாளர் ஒலிபெருக்கியில் சொன்னார். செதுக்கியது என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரோ கையைப் பிடித்து இறக்கி உன் அம்மாவின் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

“கண்ணு, அந்தப் பொண்ணு காதுல நல்லா சொல்லிச்சு. ஒண்ணொண்ணா சொல்லிச்சு. தொடப்பம் சத்தம்கூட கேட்டுச்சு. நா எப்ப வந்தேன்?”

எனக்கு விளங்கவில்லை. “எங்கம்மா வந்தீங்க?”

“படத்துலதான். நாளெல்லாம் பெருக்கினேனே. மத்தவங்க வூட்ல பெருக்குற மாதிரி சும்மா பெருக்கல கண்ணு, அது சொன்னபடி பெருக்கினேன். திரும்புமான்னா திரும்பினேன், நில்லுமான்னா நின்னேன். என்ன எங்க வெச்சிச்சுனு கேக்கலாம்னு வந்தேன்.” கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தப்பு செய்தவர் கேட்பது மாதிரிக் கேட்டார். “நடுவுல தூங்கிட்டனா இன்னா?”

மச்சி, அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்தான் எடுத்தேன் என்று ஒரு வரி. தோளில் பொன்னாடை இருந்தது, சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். வாயைத் திறந்தேன். “ஆமாம்மா, கொஞ்சம் கண்ணசந்துட்டீங்க போல” என்றேன்.

“அய்ய” என்றார் உன் அம்மா. “எம்பொண்ணு படத்துல தூங்கிட்டேன் பாரு.” பக்கத்திலிருந்தவர்களிடமும் அதையே சொல்லி வெட்கமாகச் சிரித்தார். நான் செய்த காரியத்துக்கு உன் அம்மா நாலு பேர் முன்னால் வெட்கப்பட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று வீடு வந்து சேர்ந்ததும் பொன்னாடையை மடிக்காமல் பீரோவுக்குள் திணித்தேன். நிவேதாவுக்குப் போன் செய்து, கடைசி ஷாட்டில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் கேட்டேன். அவள் கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நிதானமாகச் சொன்னாள்.

அடையாறில் ஒரு நூலக அரங்கில் உன் படத்தை இன்னொருமுறை போடுவதாக இருந்தார்கள். அதற்குள் குரலை மாற்றலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கெஞ்சினேன். “மிக்சிங் முடிஞ்சிடுச்சு மேடம். எல்லாரும் பாராட்டறாங்க, நீங்க ஏன் இவ்ளோ கஷ்டப்படறீங்க? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். நல்ல மனிதர். விழாவில் உள்ளே விட மறுத்தவர்கள் யாருமில்லை. அப்போது நீ அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது: “உள்ள வுட்டாங்க, சரி. எங்க குந்த வெச்சாங்கனு பாரு.”

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. வேலை முடிந்ததும் நிவேதா மந்தைவெளிக்கு வருவாள். படத்தைத் துண்டு துண்டாக ஓட்டி, உன் அம்மா எந்த நொடியில் எங்கே இருக்கிறார் என்று சொல்வாள். நான் அதை ஒவ்வொரு சத்தத்தோடும் கட்டி வைத்துக்கொள்வேன். ஷட்டர் கிரீச்சிட்டால் படியில். புடவைக் கட்டு மேசையில் ‘தொப்’பென்று விழுந்தால் இடது பக்கம், தூணுக்குப் பின்னால். டிபன் பாக்ஸ் மூடி திறந்தால் மாடிப்படிக்குக் கீழே, நின்றுகொண்டே சாப்பிடுகிறார். “அக்கா, நானே அவங்க பக்கத்துல உக்காந்து சொல்லிடறேனே, எனக்குக் கண்ணு தெரியுமே” என்று நிவேதா ஒருநாள் கேட்டாள். நியாயமான பேச்சு. எடுத்தவள் நான், நான்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அதிலும் என் வீம்பு கொஞ்சம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருக்கும்.

நேற்று கிளம்புமுன் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கிராம்பு வாங்கினேன். அடையாறில் உன் அம்மா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை தூங்கிவிடக் கூடாதென்று வழியில் இரண்டு டீ குடித்ததாகச் சொன்னார். அதைக் கேட்டதும் நான் வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது.

“அம்மா, அன்னிக்கு நீங்க தூங்கலை. நான் பொய் சொன்னேன். உங்களைப் பத்தி எழுதியிருந்ததை வேணாம்னு எடுக்கச் சொன்னது நான்தான். நீங்கதான்னு எனக்குத் தெரியாது. யாரோ பெருக்கறவங்கனு நெனச்சேன்.”

அவர் ஹெட்ஃபோனின் ஒயரை விரலில் சுற்றுகிற சத்தம் கேட்டது.

“தெரியும் கண்ணு” என்றார். “எம்பொண்ணு படத்துல நா தூங்குவனா?”

“அப்ப ஏம்மா அன்னிக்கு…”

“நீ துண்டு போத்திக்கினு குந்தியிருந்த. நாலு பேரு முன்னாடி இன்னா கேக்கறது?” ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “படம் போட்டாங்கோ பாரு. சொல்லு.”

கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன். ஷட்டர் கிரீச்சிட்டது. அவர் காதருகே குனிந்து, “படியில நீங்க பெருக்கறீங்க. குனிஞ்சிருக்கீங்க. பச்சைப் புடவை” என்றேன். “எம்பொண்ணு எடுத்துக் குடுத்த பொடவை” என்றார். புடவைக் கட்டு விழுந்தது. தூணுக்குப் பின்னால் என்றேன். முதல் வரிசையில் யாரோ “ஷ்” என்றார்கள். என் குரல் தானாகவே உள்ளே போய்விட்டது. பழைய சூடு காது மடலில் ஏறியது. உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் உன்னைப் பிடித்து அழுத்திய அதே இடம். அவர் அழுத்தியது நிறுத்தச் சொல்லி இல்லை. “அவங்க கெடக்கறாங்கோ. நா எங்க போனேன், சொல்லு” என்றார்.

சொன்னேன். சத்தம் வரும் முன்பே சில இடங்களில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், சில இடங்களில் பிந்திவிட்டேன். உன் மாதிரி வராது. ஆனால் விடவில்லை.

கடைசிக் காட்சி. கடை மூடியாயிற்று. அந்தப் பெண் வெளிப்படியில் தொப்பென்று உட்காருகிறாள், நான் சரிபார்த்த குரல் அங்கேதான் “அவள் படியில் அமர்கிறாள். திரை இருள்கிறது” என்று முடித்துக்கொண்டிருந்தது. நீ முடிக்கவில்லை. பாதி இறங்கிய ஷட்டருக்கு உள்ளே, பின்னால், ஒரு வாளியைக் கவிழ்க்கிற சத்தம்.

“அம்மா, நீங்க வாளியைக் கவுத்துப் போட்டு, அது மேல உக்கார்றீங்க. இவ்ளோ நேரம் நீங்க மங்கலா இருந்தீங்க. இப்ப அந்தப் பொண்ணு மங்கலாயிட்டா.”

“அப்ப தெளிவா தெரியறது யாரு?”

“நீங்கதாம்மா. நீங்க மட்டும்தான்.”

“குந்திக்கினு கீறனா?”

“ஆமா.”

“எம்மா நேரம்?”

“படம் முடியற வரைக்கும்மா.”

விளக்குப் போட்டு, ஆட்கள் எழுந்து நாற்காலிகள் நகர்ந்து, எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்திருந்தேன். பேருந்துக்கு நேரமாகவில்லையா என்று கேட்டதற்கு, “இருக்கட்டும், கொஞ்ச நேரம் குந்தியிருக்கேன்” என்றார்.

நான் ஏதோ பரிகாரம் செய்துவிட்டேன் என்று உனக்குச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் அம்மா என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஹெட்ஃபோன் குரல் இன்னும் நான் செதுக்கியபடியேதான் இருக்கிறது. என்னைப் போன்ற எத்தனையோ பேர் உன் படத்தைப் பார்த்துவிட்டு, அது துணிக்கடைப் பெண்ணின் கதை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இன்னொன்று என்னைத் தின்கிறது. அது உன் அம்மாவாக இல்லாமல், நிஜமாகவே யாரோ ஒரு பெருக்குகிற அம்மாவாக இருந்திருந்தால்? அப்போது எனக்கு வெட்கம் வந்திருக்குமா? பொன்னாடையை ஒழுங்காக மடித்து வைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

இன்று காலையும் எங்கள் படிக்கட்டில் விளக்குமாற்றின் சத்தம் கேட்டது. வழக்கம்போல் நின்றது, நான் இறங்குவதற்காக. இரண்டு படி இறங்கிவிட்டு நின்றேன். அவரும் நின்றிருந்தார், மூச்சு கேட்டது. இத்தனை வருஷம் கழித்துப் பெயர் கேட்க நா எழவில்லை மச்சி. ஆட்டோ வந்துவிட்டது என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். நாளைக்கும் அவர் வருவார். வெக்கப்பட வேண்டியவங்கோ வெக்கப்படட்டும், நீ படத்த பாரு என்றாய். நான் இப்போது இரண்டையும் செய்கிறேன்.